கட்டிக்கு வளைகாப்பு

என் வயிற்றில் வளர்ந்த ஒரு கட்டிக்கு வளைகாப்பு நடத்தினார்கள். கன்னத்தில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, இரண்டு கை கொள்ளாமல் கண்ணாடி வளையல் அடுக்கி, எலுமிச்சம்பழச் சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு என்று வகைவகையாகக் கிளறிப் பந்தி போட்டு ஊரையே கூப்பிட்டு நடத்தினார்கள். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் குமட்டிக்கொண்டுதான் வருகிறது.

அப்போது நான் கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைப் பக்கம், ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை. பிறந்தது சங்கராபுரம். வாழ்க்கைப்பட்டது கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற ரோட்டில், தியாகதுருகம் தாண்டி ஒரு கிராமத்தில். கரும்பு போடுகிற வீடு. திங்கட்கிழமை விடியலில் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவேன். பஸ் வளைவு வளைவாகக் கீழே இறங்கும்போதே எனக்கு முகம் சுண்டிவிடும். வீட்டுக்குப் போகிறவள் முகம் மாதிரி அது இருக்காது என்று கண்டக்டரே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாததைவிட எனக்குப் பெரிய பாடு மாதவிலக்குதான். மற்றவர்களுக்கு மூன்று நாளில் முடிகிறது எனக்குப் பத்து நாள் ஆனாலும் நிற்காது. கட்டிகட்டியாகப் போகும். வகுப்பில் நாற்காலியிலிருந்து எழுவதற்கே பயமாக இருக்கும். வீட்டுக்கு வந்தால் அந்தத் துணிகளைத் துவைத்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கொடியில்தான் காயப்போட வேண்டும். வெயில் படாத இடம், சாணி நாற்றம், கொசு. நான் வீட்டிலிருக்கும் சனி ஞாயிறில் மாமியார் தவறாமல் அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பார். துணி தொங்கினால் அந்த மாதமும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். திரும்பி வந்து, என்னிடம் இல்லை, மாட்டிடம் சொல்லுவார்.

"இந்த மாசமும் தொங்குது. மலையில இன்னாத்த துன்றாளோ தெரியல."

படித்த பெண்ணாக இருந்தும் நான் ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று கேட்பார்கள். போனேன். அதாவது, கூட்டிப்போனார்கள். ஆனால் டாக்டரிடம் இல்லை. கடைவீதியில் ஒரு மெடிக்கல் கடை இருந்தது. கடைக்காரர் முன்பு எங்கேயோ கம்பவுண்டராக இருந்தவர். கடைக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு, அங்கேதான் ஊசி. அந்தத் திரை எந்தக் காலத்தில் என்ன நிறமாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வெற்றிலைச் சாறு ஒழுகும் வாயோடு என் மாதவிலக்கைப் பற்றி அவர் கேட்பார். என்னிடம் கேட்க மாட்டார், மாமியாரிடம் கேட்பார். மாமியார் பதில் சொல்லுவார். நான் ஒரு கன்றுக்குட்டி மாதிரி நடுவில் நிற்பேன்.

"இது கர்ப்பப்பைக்குச் சத்து மாத்திரைங்க. உரம் போடாம கரும்பு வளருமா? அதுமேரிதான் இதுவும். நிறுத்தாம துன்னணும்" என்றார் கடைக்காரர்.

கரும்பு என்று சொன்னதும் மாமியாருக்கு விளங்கிவிட்டது. எனக்கு மாத்திரை அட்டையின் பின்னால் பொடி இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது விளங்கவில்லை. தமிழாசிரியைக்கு அது எப்படி விளங்கும்.

மாத்திரை வேலை செய்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஓரிரு மாதத்தில் தீட்டு நின்றுவிட்டது. மாட்டுக் கொட்டகைக் கொடியில் துணி தொங்கவில்லை. அதற்கடுத்த மாதம் அடிவயிற்றில் கெட்டியாக ஒன்று கையில் தட்டுப்பட ஆரம்பித்தது. காலையில் வாந்தி வந்தது. மாமியார் முதன்முறையாக என்னிடம் நேராகப் பேசினார், எனக்கென்று தனியாக முட்டை அவித்துக் கொடுத்தார். நானும்தான் நம்பினேன். மூன்று வருஷம் வராத ஒன்று வந்துவிட்டது என்று சொன்னால் நம்பாமல் இருக்க யாருக்கு மனசு வரும்.

கடைக்காரர் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளை தங்க வேண்டும் என்றால் இன்னும் ஜாஸ்தியாகச் சாப்பிட வேண்டும் என்றார். அப்படியே சாப்பிட்டேன். வயிறு கிடுகிடுவென்று வளர்ந்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் ஒருமுறை காட்டிவிட்டு வரலாம் என்று கேட்டேன். அங்கேதான் அந்த வீட்டு வழக்கம் குறுக்கே வந்தது. வளையல் அடுக்குகிற நாள்வரைக்கும் கர்ப்பிணியின் வயிற்றை வெளி ஆள் தொடக் கூடாது, டாக்டராகவே இருந்தாலும். தொட்டால் கண் பட்டுவிடுமாம். அந்த வீட்டில் பிறந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பிறந்தார்களாம். பிறக்காமல் போனவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் மாதத்தோடு மலை ஏறவும் விடவில்லை. லீவு போட்டுவிட்டு அந்த வீட்டில் உட்கார்ந்தேன். மலைமேல் காலையில் பனி விலகுவதற்குள் பிள்ளைகள் கொல்லைப் பக்கம் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு கத்தும் சத்தம் ஒன்றுதான் எனக்கு அப்போது வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக மாமியாரின் ஏப்பம்.

ஆறாம் மாதம் என்று அவர்கள் கணக்குப் பண்ணிய மாதத்தில் மாமியாரிடம் சொன்னேன்.

"அத்தே, உள்ள அசைவே இல்ல. கல்லு மாதிரி கெடக்குது."

"ஆம்பளப் புள்ள அப்பிடித்தான் கம்முனு கெடக்கும். பொட்டதான் துள்ளிக்கினு இருக்கும்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் அன்றைக்கே தெருவில் இறங்கி, பேரன்தான் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த வருஷம் எங்கள் பக்கம் முழுக்க இட ஒதுக்கீட்டுப் போராட்டம். படிப்பிலும் வேலையிலும் எங்கள் ஜனங்களுக்கென்று தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். என் கூடப்பிறந்த அண்ணன் டிகிரி முடித்துவிட்டு ஆடு ஓட்டியவன். என் கோபம் கேட்டவர்கள் மேல் இல்லை. எங்கள் வீட்டில் அதை வைத்து நடந்த கூத்தின் மேல்.

வளைகாப்பு அன்றைக்கு உள்ளே பெண்கள், வெளியே பந்தலில் ஆண்கள். வந்த ஒவ்வொருத்தியும் என் கன்னத்தில் சந்தனத்தை அப்பிவிட்டு, பட்டுப்புடவைக்கு மேலாக வயிற்றை ஒரு கை தடவிப் பார்த்தாள். வளையல் ஏறிவிட்டதே, இனிமேல் யார் வேண்டுமானாலும் தொடலாம். எண்ணெய்க் கை, குழம்புக் கை, மூக்குப்பொடிக் கை. நல்ல கெட்டி வயிறு என்று ஒருத்தி மெச்சினாள். பந்தலில் என் வீட்டுக்காரர் கூட்டாளிகளோடு உட்கார்ந்து எந்த மரத்தை எங்கே சாய்ப்பது என்று பேசிக்கொண்டிருந்தார். மறியலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போடப் போகிறார்கள்.

போட்டார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் ரோடு முழுக்க மரம். பஸ் இல்லை, லாரி இல்லை. எங்கள் ஊர் முனையில் கிடந்த புளியமரம் என் வீட்டுக்காரர் ரம்பம் பிடித்து அறுத்தது. அந்தப் பெருமையைச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் சொல்லுவார். மறியல் நடந்துகொண்டிருக்கும்போது ஒருநாள் காலையில் எனக்கு வலி பிடித்தது. அடிவயிற்றை உள்ளிருந்து யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் வலி. கொஞ்ச நேரத்தில் இரத்தம். நிற்காத இரத்தம். மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தாள்.

"இது எனுக்குப் புடிபடல. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்க."

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்குத் தான் வெட்டிய மரம் ஞாபகம் வந்தது. முகத்தைப் பார்க்க வேண்டுமே. வாடகைக் கார் வந்தாலும் மரத்தைத் தாண்டாது. கடைசியில் என்னைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு, அவர் ஆட்களே தூக்கிக்கொண்டு அந்த மரத்தின் கிளைகளுக்குள் புகுந்து ஏறி இறங்கினார்கள். முறிந்த கிளை ஒன்று என் தோளைக் கிழித்தது. அந்தப் பக்கம் ஒரு டிராக்டர். அடுத்த மரம்வரைக்கும் அது, அதற்கப்புறம் இன்னொரு கட்டில், இன்னொரு வண்டி. ஒவ்வொரு மரத்துக்கும் காவல் நின்றவர்கள் வழிமறித்தார்கள். என் வீட்டுக்காரர் என் கையைத் தூக்கி வளையலைக் காட்டினார்.

"பிரசவ கேஸுங்க. வழி வுடுங்க."

உடனே வழி விட்டார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முகம் தெரியாத பையன்கள் கட்டிலுக்குத் தோள் கொடுத்தார்கள், இளநீர் வெட்டி வாயில் ஊற்றினார்கள். நல்லபடியாகப் பெற்று எடுத்துக்கொண்டு வாங்கக்கா என்றான் ஒருவன். உளுந்தூர்பேட்டை தாண்டி, விழுப்புரம் வழியாகப் பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பொழுது சாய ஆரம்பித்திருந்தது. கட்டியிருந்த புடவையை நான் மறுபடி பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் வயிற்றில் ஏதோ குளிர்ச்சியாகத் தடவி, ஒரு கருவியை வைத்து உருட்டிப் பார்த்தார். ஸ்கேன் என்ற ஒன்றை நான் பார்ப்பது அதுதான் முதல்முறை. திரையில் எனக்கு மழைச்சாரல் மாதிரிதான் தெரிந்தது. அவர் திரையையும் என் கை வளையல்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரும்மா இது கர்ப்பம்னு சொன்னது?"

சொன்னேன். மாத்திரையையும் சொன்னேன். அவர் கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுகிறார் என்று தெரிகிற குரலில் சொன்னார்.

"இது குழந்தை இல்லம்மா. கர்ப்பப்பைத் தசையில வளர்ற நார்க்கட்டி. புற்று இல்ல, பயப்படாத. ஆனா உனக்கு இரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும்."

உடம்பில் இரத்தம் ஏற்ற வேண்டும், உறவுக்காரர் யாராவது கொடுங்கள் என்றார்கள். கடைசிச் சொட்டு இரத்தம் உள்ளவரை போராடுவோம் என்று ஊர் ஊராக மைக்கில் முழங்கிய என் வீட்டுக்காரர், ஊசியைப் பார்த்ததும் தலை சுற்றுகிறது என்று வெளியே போய் டீ குடித்தார். யாரோ ஒரு காலேஜ் பையன் கொடுத்தான். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்பியபின் மாமியார் கேட்டது ஒன்றுதான். எந்த சாதிக்காரன் இரத்தமாம்.

கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, கர்ப்பப்பையைத் தைத்து எனக்கே விட்டுவிட்டார் அந்த டாக்டர். அதற்கப்புறமாவது நான் பிள்ளை பெற்றேனா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், இல்லை. எடுத்ததை ஒரு எனாமல் பேசினில் வைத்துச் சொந்தக்காரர்களுக்குக் காட்டினார்களாம். அப்போது நான் மயக்கத்தில் இருந்தேன், பக்கத்துப் படுக்கைக்காரி பிறகு சொன்னாள். வெள்ளை வெளேரென்று, பெரிய சேனைக்கிழங்கு கணக்காய், அங்கங்கே சிவந்துபோய் இருந்ததாம். மாமியார் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு நர்சிடம் கேட்டாராம்.

"தல எந்தப் பக்கங்க?"

நான் கண் விழித்தபின் அந்த டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மாமியாரும் பக்கத்தில் நிற்க, விளக்கினார். பெண் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்று ஒரு சுரப்புநீர் ஓடுகிறது. இரத்தத்தோடு கலந்து எல்லா இடத்துக்கும்தான் போகிறது. ஆனால் எல்லாச் சதையும் அதை ஒன்றுபோல் எடுத்துக்கொள்வதில்லை. எந்தச் சதையின் உயிரணுவுக்குள் அதை வாங்கிக்கொள்கிற கை இருக்கிறதோ, அந்தச் சதைதான் அதன் பேச்சைக் கேட்கும். அந்தக் கைக்கு ஏற்பி என்று பெயர். கர்ப்பப்பையில் இருக்கிறது, மார்பில் இருக்கிறது, எலும்பில்கூட இருக்கிறது. நீ பெரியவளானது அதனால்தான், மாதாமாதம் உள்சுவர் தடித்து ஒரு கருவுக்கு இடம் பண்ணி வைப்பது அதனால்தான், வயசான காலத்தில் எலும்பு சட்டென்று முறியாமல் இருப்பதும் அதனால்தான். கெட்டது என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

"ஆனா உன் கட்டியிலே அந்தக் கைங்க ஜாஸ்தி" என்றார். "பக்கத்துல இருக்கிற நல்ல சதை ஒரு வாய் வாங்கிக்கிட்டா, இது பத்து வாய் வாங்கும். முதல்லயே உனக்குச் சின்னதா கட்டி இருந்திருக்கும், அதான் அவ்வளவு இரத்தம் போயிருக்கு. அந்த ஆள் அது தெரியாம மாசக்கணக்குல அதே சுரப்பை மாத்திரையா ஊட்டியிருக்கான். நீ சாப்பிட்ட மாத்திரை எல்லாம் கட்டிக்குத்தான் போயிருக்கு. தீட்டு நின்னதும் வாந்தி வந்ததும் மாத்திரையாலதான்."

முட்டையும் பாலும் யாருக்குப் போனது என்று எனக்கு அப்போது விளங்கியது. மாமியார் எனக்காக ஒதுக்கிவைத்த கறித்துண்டு, தெருவில் எனக்குக் கிடைத்த மரியாதை, எல்லாம் அதற்குத்தான். என் உடம்பை நானே தொடக் கூசினேன். கொஞ்ச நாள் குளிக்கும்போதுகூட வயிற்றைப் பார்க்க மாட்டேன், வேறெங்காவது பார்த்துக்கொண்டு தண்ணீரை ஊற்றிக்கொள்வேன்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவும் மகனும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். கட்டிக்கு வளைகாப்பு நடத்திய வீடு என்று ஊர் சிரிக்குமே. ஆகவே, பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. நான் வீடு திரும்பியபோது தெருவில் பெண்கள் தலைவிரி கோலமாக வந்து என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஒரு இடத்தில் மண் கிளறி மேடாக்கி, மேலே பால் ஊற்றியிருந்தது. அதற்குள் எதைப் புதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. பிள்ளை ஏன் செத்தது என்று ஊரார் கேட்பார்களே. மறியலில் வண்டி போக முடியாமல் தாமதமாகிச் செத்தது என்றார் என் வீட்டுக்காரர். மரத்தை வெட்டியவரே அதைச் சொன்னதால் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை, மாறாக மெச்சினார்கள். பெற்ற பிள்ளையையே போராட்டத்துக்குக் கொடுத்தவர் என்று பெயர் வந்துவிட்டது. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்கள். அந்த நாட்களில் போலீஸ் சுட்டு உண்மையாகவே உயிர் போனவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு உண்மையான அம்மாக்கள் இருந்தார்கள். அந்த வரிசையில் கொண்டுபோய் என் வயிற்றுக் கட்டியை உட்கார வைத்துவிட்டு, இந்த மனிதர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் அவரோடு ஒரே தட்டில் சாப்பிடுவதை நிறுத்தியது அன்றைக்கு.

இதெல்லாம் மானக்கேட்டை மறைக்கச் சொன்ன பொய், என்னோடு போகட்டும் என்று நான் மலைக்கே திரும்பியிருப்பேன். ஆனால் எங்கள் வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். என் கொழுந்தனாரின் மனைவி, என் ஓரகத்தி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத சின்னப் பெண். அவளுக்கும் தீட்டு சமயத்தில் வயிற்றுவலி, அதிகமாகப் போகும். ஒருநாள் காலையில் அடுப்படியில் மாமியார் அவள் உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைப்பதைப் பார்த்தேன். அதே அட்டை, அதே நிறம்.

அவர்கள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. எனக்கு மாத்திரை சாப்பிட்டுத்தான் கரு தங்கியது, பிள்ளை செத்தது மறியலால். அப்படியானால் மாத்திரை நல்ல மாத்திரை. தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் வாங்க ஆரம்பித்திருந்தார்கள். மெடிக்கல் கடைக்காரர் திரையைக்கூட மாற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

"அத்தே, அந்த மாத்திரதான என் வயித்துல கட்டிய வளத்துச்சி. டாக்டரம்மா சொன்னப்ப நீங்களும் நின்னுகினுதான இருந்தீங்க?"

"இன்னா கட்டி? எந்தக் கட்டி?" என்றார் மாமியார், அடுப்பை ஊதிக்கொண்டே. "ஊரு முன்னாடி போயி சொல்லு பாப்பம், கட்டின்னு."

ஓரகத்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். மாமியாருக்குப் பயந்து விழுங்கினாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவளுக்குப் பிள்ளை வேண்டும், அவ்வளவுதான். நான் சொல்வதை அவள் நம்பவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் இன்னொருத்திக்குப் பிறப்பதைப் பொறுக்க மாட்டாள் என்று யாரோ அவள் காதில் ஓதியிருந்தார்கள்.

ஊர் முன்னால் சொல்லும் வாய்ப்பு தானாகவே வந்தது. கோயில் மைதானத்தில் போராட்டக்காரர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். எனக்குத் துண்டு போர்த்தி மரியாதை செய்ய வேண்டுமாம். முதல் வரிசையில் மாமியார், பக்கத்தில் ஓரகத்தி. மேடையில் பேசியவர் நல்ல குரல்காரர். கருவறையிலேயே களம் கண்ட வீரக் குழந்தை என்றார். தாயின் மடியைக் காணும் முன்னே இனத்தின் மடியில் உறங்கிய செல்வம் என்றார். பேசி முடித்ததும் அவரே மைக்கை என் முன்னால் நகர்த்தினார், நன்றி சொல்லுவேன் என்று நினைத்திருப்பார்.

"என் வயித்துல இருந்தது புள்ள இல்லீங்க" என்றேன். "கட்டிங்க. நார்க்கட்டி. மெடிக்கல் கடை மாத்திரையால வளந்த கட்டி. அந்த மாத்திரைய யாரும் வாங்கித் துன்னாதீங்க."

சொல்லிவிட்டேன், தீர்ந்தது என்று நினைத்தேன். பேச்சாளர் மெதுவாக மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர்.

"பார்த்தீர்களா. பெற்ற வயிறு பிள்ளையைக் கட்டி என்று சொல்கிறது. அந்தத் தாயின் புத்தியையே கலங்கடித்துவிட்டது இந்தத் துயரம்."

கைதட்டினார்கள். பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. துண்டைப் போர்த்தினார்கள். புதுத் துண்டின் கஞ்சி வாசனையோடு யார் யாரோ கையைப் பிடித்து என்னை மேடையிலிருந்து இறக்கினார்கள். வாழ்க்கையில் ஒருமுறை ஊர் முன்னால் நின்று உண்மையைச் சொன்னேன், அதற்குக் கிடைத்தது கைதட்டல். போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது.

மறுநாள் காலையில் மலைக்குப் போவதற்குத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். இனி இந்த வீட்டுக்கு வருவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஓரகத்தி வந்து வாசற்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஏங்க்கா, நெசமாவே கட்டிதானா?"

நான் புடவையை விலக்கித் தையல் போட்ட இடத்தைக் காட்டினேன். டாக்டர் சொன்னதையெல்லாம் ஒரு வாத்தியாரம்மாவாக நின்று ஒப்பித்தேன். சுரப்புநீர், அதை வாங்கிக்கொள்ளும் கை, கட்டியில் அந்தக் கைகள் அதிகம், எல்லாம். அவள் தழும்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசி முடித்ததும் கேட்டாள்.

"கட்டின்னா, நீங்க தெனிக்கும் மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால போயி அழுவுறீங்களே, அது எதுக்கு?"

அவள் பார்த்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு பொய் சொல்லவும் தெம்பு இல்லை.

"பேரு வெச்சிட்டேன்" என்றேன். "எனக்கு நானே. வயித்தத் தொட்டுகினு அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புடுவேன்."

"அந்தக் கட்டியவா?"

"அந்தக் கட்டியத்தான்."

அவள் கொஞ்ச நேரம் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த மாத்திரை அட்டையை எடுத்து என் துணிப்பைக்குள் போட்டாள். மலைக்குத் தானும் வருவதாகச் சொன்னாள், அங்கேயிருந்து அந்தப் பாண்டிச்சேரி டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி அழ ஆரம்பித்தாள். நான் பையை மூடினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, செருப்பைப் போடு என்றேன்.